முதலில் மரம்

பாறையில் இறங்குகிறவனுக்கு வைக்கோல் செருப்புதான் ஐயா நல்லது. தண்ணீரில் நனைத்துப் போட்டுக்கொண்டால் சுண்ணாம்புக் கல்லை அது அப்படியே கவ்விக்கொள்ளும். நேற்று உங்கள் ஆட்கள் பூட்ஸோடு ஏறி, ஒருவருக்குக் கணுக்கால் பிசகிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் எதையும் ஒளிக்கிறவன் இல்லை. இதுவரை யாரும் சரியாகக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் நீகாட்டா நகரத்திலிருந்து விசாரணைக்கு வந்தவர் என்பதால் எங்கள் தொழிலைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இத்தோய்கவாவில் எங்களை மரம் பிடிக்கிறவர்கள் என்பார்கள், மீன் பிடிக்கிறவர்கள் மாதிரி. குரோஹிமே மலையின் பாறை வெடிப்புகளில் ஷிம்பாக்கு என்ற காட்டு ஜூனிபர் வளர்கிறது. காற்றும் பனியும் அதை முறுக்கிப் பிழிந்துவிடும். பாதி உடம்பு செத்து எலும்பு போல வெளுத்திருக்கும். மறுபாதியில் ஒரு நாடா அகலத்துக்குப் பட்டை ஓடும். அந்த நாடாவில்தான் உயிர். பல தலைமுறை வயதான மரம் முழங்கால் உயரத்தைத் தாண்டியிருக்காது. அதைத் தொட்டியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க டோக்கியோவில் பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள்.

இரண்டு பேர் போவோம். ஒருவன் இறங்குவான், ஒருவன் மேலே கயிற்றைப் பிடிப்பான். கீழே நிற்க இடம் இருந்தால் இறங்கியவன் கயிற்றை இடுப்பிலிருந்து அவிழ்த்துவிட்டு வேலை பார்ப்பான். மரத்தைப் பெயர்த்ததும் வேரைப் பாசியால் சுற்றி, அதே கயிற்றில் கட்டி அனுப்புவான். மரம் மேலே வந்த பிறகு கயிறு மறுபடி இறங்கும். முதலில் மரம், பிறகு மனிதன். வேரில் காற்றுப் பட்டால் காய்ந்துவிடும். மனிதன் கொஞ்சம் காத்திருக்கலாம்.

என் அண்ணன் வாசுகேயும் ஜின்பாச்சியும் ஒரே கயிற்றில் போனவர்கள். அப்பா அம்மா போன பிறகு என்னை வளர்த்தது அண்ணன்தான். அவசரக்காரர். சோற்றைக்கூட நின்றுகொண்டே சாப்பிடுவார். அண்ணி சாயோ கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பின்னாலேயே நடப்பாள். ஜின்பாச்சி நேர்மாறு. மொட்டைத் தலை, பெரிய தொந்தி, ஓயாத வாய். அவன் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அங்கே சாவு விழுந்திருந்தாலும் யாராவது சிரித்துவிடுவார்கள்.

ஒரு இலையுதிர் காலத்தில் இருவரும் மலைக்குப் போனார்கள். ஜின்பாச்சி மட்டும் திரும்பி வந்தான். முதுகில் ஒரு மரம் இருந்தது.

அந்த மரத்தை நீங்களும் பார்த்திருக்கலாம். பத்திரிகையில் படம் வந்தது. டோக்கியோவில் ஒரு பிரபு வீட்டில் இருக்கிறது, அதற்கு ஒரு நாகத்தின் பெயர் வைத்திருக்கிறார்கள். என் அண்ணன் பள்ளத்தில் கிடக்க, அவன் மரத்தைச் சுமந்துகொண்டு மலையிறங்கினான். ஊர் அவனைத் திட்டவில்லை. "அவன் உசுரைக் குடுத்து எடுத்த மரம். அதை அங்கேயே போட்டுட்டு வர எனக்கு மனசு வரல" என்று அழுதான், எல்லோரும் சேர்ந்து அழுதார்கள். மரத்தை அனுப்பிவிட்டுக் காத்திருந்தபோது கால் வைத்திருந்த விளிம்பு உடைந்து வாசுகே விழுந்துவிட்டான், கயிறு இறங்கியபோது அங்கே ஆள் இல்லை என்பது அவன் சொன்ன கதை. மரம் விற்ற பணத்தை அப்படியே சாயோ கையில் கொடுத்தான் என்றும் சொன்னார்கள். குற்றம் செய்தவன் அப்படித்தானே கொடுப்பான்.

அண்ணனின் உடலைக் கழுவியது நான். இடுப்பில் கயிறு இல்லை. கயிறு இறுக்கிய தடமும் இல்லை. அதை அப்போதே பார்த்தேன். பிறகு பல வருடம் யோசித்தேன்.

துக்கம் முடிந்ததும் ஒருநாள் சாயோ வந்தாள். நான் கூரைக்குப் புது வைக்கோல் வேய்ந்துகொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் அண்ணன் செத்தால் அண்ணியைத் தம்பிக்குக் கட்டிவைப்பது உண்டு. ஊரில் சிலர் என் காதுபடவே அதைப் பேசியிருந்தார்கள். நான் கூரை வேய்ந்தது மழைக்காக.

"செய்ரோக்கு, கீழ இறங்கி வா. அடுத்தவங்க சொல்லி நீ கேட்கக் கூடாதுன்னு நானே வந்தேன்" என்றாள்.

"சொல்லுங்க அண்ணி."

"ஜின்பாச்சி கேட்டாரு. சரின்னுட்டேன்."

"கயிறு அவர் கையிலதான் இருந்துச்சு, அண்ணி."

"உங்க அண்ணன் அவசரம் உனக்குத் தெரியாதா? ஒரு இடத்துல ஒரு நிமிஷம் நின்னிருக்காரா அந்த மனுஷன்? அந்த விளிம்பிலயும் நின்னிருக்க மாட்டாரு." கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள். "நல்லா வேய்ஞ்சிருக்கே. உனக்கும் ஒருத்தி வரட்டும்."

அப்படியாக, அண்ணனுக்காக ஒரு தடவை, நான் அண்ணே என்று கூப்பிடும் ஜின்பாச்சிக்காக ஒரு தடவை என்று, அவளை நான் வாழ்க்கையில் இரண்டு தடவை அண்ணி என்று கூப்பிட வேண்டியதாயிற்று. எனக்கு அதில் வருத்தம் இல்லை. இந்த விஷயத்துக்கும் அதற்கும் சம்பந்தமும் இல்லை. நீங்கள் கேட்டதால் சொன்னேன்.

பிறகு நானே போய் ஜின்பாச்சியிடம் கயிறு பிடிக்க வருகிறேன் என்றேன். அவன் என்னைக் கட்டிக்கொண்டான். "நீ என் மூஞ்சியில முழிக்கவே மாட்டேன்னு நினைச்சேன்டா" என்றான். நானும் அவனும் பல பருவங்கள் ஒன்றாகப் போனோம். அவனோடு வேலை செய்வது சுகம் என்பதை நான் மறுக்க மாட்டேன். பாறைக்கு நடுவில் தொங்கிக்கொண்டே பேசுவான். "மேல நிக்கிற உனக்கென்னடா தெரியும்? உனக்குத் தெரியறது என் மொட்டை மட்டும்தான். மரத்தோட அழகு எனக்கு, என் அழகு உனக்கு!" நானும் சிரித்திருக்கிறேன். ஒரு மனிதனை வெறுக்க அவனோடு சிரிக்காமல் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

திட்டமிட்டேன் என்று எழுதுகிறீர்கள். அந்தச் சொல் சரியில்லை. அருவிக்கு மேலே ஒரு பாறைத் திட்டு இருப்பதை ஒரு வருடம் தனியாகப் போனபோது பார்த்து வைத்திருந்தேன். ஒரு பாய் விரிக்கும் இடம். மேலே பாறை உள்வாங்கி வழவழவென்று இருக்கும், யாரும் ஏற முடியாது. கீழே பள்ளம். ஓரத்தில் ஒரு ஷிம்பாக்கு. நேர் மேலே விளிம்பில் படுத்துக்கொண்டு பேசினால் கேட்கும், ஆனால் பத்தடி தள்ளி வந்தால் அருவிச் சத்தம் குரலை விழுங்கிவிடும். அதை எப்படித் தெரிந்துகொண்டேன் என்றால், ஒரு நாயைக் கொண்டுபோய் இறக்கிப் பார்த்தேன். அதைத் திரும்பத் தூக்கிவிட்டேன். நாய் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை.

போன இலையுதிர் காலத்தில் ஜின்பாச்சியிடம் அந்த மரத்தைப் பற்றிச் சொன்னேன். குழந்தை மாதிரி குதித்தான். அவனை இறக்கினேன். திட்டில் கால் பட்டதும் கத்தினான்.

"டேய் செய்ரோக்கு! இது மரமில்லடா, சாமி! இத்தனை நாளா இதை எங்கடா ஒளிச்சு வச்சிருந்தே, திருட்டுப் பயலே!"

கயிற்றை அவிழ்த்துவிட்டு உளியை எடுத்தான். நான் கயிற்றை மேலே இழுத்தேன்.

"டேய், கயிறு மேல போகுது."

நான் இழுத்துச் சுருட்டிக்கொண்டேன்.

"என்னடா விளையாட்டு? எனக்கு ஒண்ணுக்கு வருது, சீக்கிரம் விடு" என்று சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

"அண்ணே, எங்க அண்ணன் எப்படிச் செத்தாருன்னு சொல்லுங்க" என்றேன்.

"உனக்குத் தெரியாததாடா?"

"சொல்லுங்க."

சொன்னான். மரம் மேலே போயிற்று, வாசுகே காத்திருந்தான், "சீக்கிரம் போடு, சீக்கிரம் போடு" என்று திட்டிக்கொண்டே விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தான், கல் பெயர்ந்தது. அதே பழைய கதை.

"நிஜத்தைச் சொல்லுங்க. சொன்னா கயிறு வரும்" என்றேன். "நாளைக்கு வர்றேன்."

ஊருக்கு வந்து, வழி பிரியும் இடத்தில் அவன் மேற்கு மலைப் பக்கம் தனியாகப் போனதாகச் சொன்னேன். ஊரே மேற்கு மலையைத் தேடியது. நானும் தேடினேன். குறுக்கு வழி தெரிந்தவன் என்பதால் நான் தனியாகத் தேடுகிறேன் என்று சொன்னபோது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

அவனைப் பட்டினி போட்டேன் என்று வெளியே பேசிக்கொள்கிறார்கள். அது உண்மையில்லை. உளியும் ரம்பமும் இறக்குவதற்கு நாங்கள் ஒரு மெல்லிய நூல் வைத்திருப்போம். ஆள் பாரம் தாங்காது, ஆனால் மூங்கில் குழாய் தண்ணீரைத் தாங்கும். தினமும் தண்ணீர் அனுப்பினேன். தேடப் போகிறவர்களுக்கெல்லாம் சாயோ விடியற்காலையிலேயே சோற்று உருண்டை பிடித்துக் கொடுப்பாள். என் பங்கை நான் சாப்பிடாமல் அவனுக்கு அனுப்பினேன். ஆக, அந்தத் திட்டில் அவன் சாப்பிட்டதெல்லாம் தன் பெண்டாட்டி கைச் சோறுதான். அதைச் சாயோவிடம் சொல்லுங்கள். அவளுக்கு ஆறுதலாக இருக்கும்.

அவனுக்கும் அது தெரிந்துவிட்டது. "டேய், இது சாயோ பிடிச்ச உருண்டை. அவதான் உள்ள வைக்கிற உப்புப் பிளம் பழத்துல கொட்டையை எடுத்துட்டு வைப்பா. என் பல்லு ஆடுதுன்னு" என்று கீழேயிருந்து சொன்னான். கொஞ்ச நேரம் கழித்து, "அவ சாப்பிடுறாளா?" என்று கேட்டான்.

"ஏதோ சாப்பிடுறாங்க. எங்க அண்ணன் எப்படிச் செத்தாரு?"

மறுபடி அதே கதை. மறுநாளும் அதே. கெஞ்சினான், திட்டினான். என் அண்ணனின் பெயரைச் சொல்லிக் கும்பிட்டான். ஆனால் கதையில் ஒரு வார்த்தை மாறவில்லை. யோசித்துப் பாருங்கள். உண்மையைச் சொல்கிறவன் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டிக் குறைத்துத்தான் சொல்வான். மனப்பாடம் செய்தவன்தான் மாறாமல் சொல்வான். அதனால் எனக்குச் சந்தேகம் உறுதியாயிற்று.

வெறுமனே உட்கார்ந்திருக்க முடியாமல் அவன் மரத்தை எடுக்க ஆரம்பித்திருந்தான். அவசரமே இல்லாமல், வெடிப்புக்குள் கையை விட்டு, மயிர் வேர்கூட அறுந்துபோகாமல் உரித்து எடுத்தான். அப்படி ஒரு வேலையை நான் பார்த்ததில்லை. தன் காலில் சுற்றியிருந்த நீலத் துணியை அவிழ்த்து வேரில் சுற்றினான். நான் அனுப்பிய தண்ணீரில் பாதியை அதற்கு ஊற்றினான்.

"அதை எதுக்கு மரத்துக்கு ஊத்துறீங்க?" என்றேன்.

"அது என்னடா பாவம் பண்ணுச்சு" என்றான்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. குளிர்ந்த மழை. அது விட்டபோது அவனுக்குக் காய்ச்சல் கண்டிருந்தது. தொந்தி வற்றிப்போய் வேறு ஆள் மாதிரி இருந்தான். நான் கேட்பதற்கு முன்பே அவனே பேசினான்.

"செய்ரோக்கு. நான் என்ன சொல்லணும்?"

"நிஜத்தை."

பாறையில் சாய்ந்து உட்கார்ந்தான். "சரி. நான்தான் விட்டேன்" என்றான்.

"என்னத்தை?"

"கயிறை. வாசுகே தொங்கிட்டிருந்தான். விட்டுட்டேன்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா... நீயே சொல்லேன்டா" என்றான்.

"மரத்துக்காகவா, சாயோவுக்காகவா?"

"எதைச் சொன்னா கயிறு வரும்?"

"நிஜத்தைச் சொன்னா வரும்."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததாகச் சொல்ல முடியாது. வைத்தியர் நோயாளியைப் பார்ப்பது மாதிரி இருந்தது. "சாயோவுக்காக" என்றான் கடைசியில். "அதுதானேடா உனக்கு வேணும். சாயோவுக்காகத்தான் விட்டேன். போடுடா கயிறை."

எனக்கு அது முன்பே தெரியும். ஆனாலும் அவன் வாயால் கேட்டபோது நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும் அல்லவா. கயிற்றை இறக்கினேன். அவன் இரண்டு கையாலும் அதைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டான்.

"மரத்தை முதல்ல கட்டுங்க, அண்ணே" என்றேன்.

கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொள்ளப் போனவன் நின்றான். மேலே பார்த்தான். நான் தலையை மட்டும் அசைத்தேன். மரம் பிடிக்கிறவன் மரம் பிடிக்கிறவன்தான், ஐயா. அல்லது என்னை நம்பியிருக்கலாம். "ஆமா. மரம் முதல்ல" என்று சொல்லிவிட்டு, நான்கு பக்கமும் சரி பார்த்து முடிச்சுப் போட்டான். "பாறையில உரசாம இழுடா. அந்த உயிர்ப்பட்டை இடதுபக்கம் இருக்கு" என்றான்.

உரசாமல்தான் இழுத்தேன்.

மரத்தை முதுகில் கட்டிக்கொண்டு கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டேன். கடைசியாக ஒருமுறை எட்டிப் பார்த்தேன். அவன் விளிம்புக்கு வராமல் பாறையோடு ஒட்டி உட்கார்ந்து, கயிறு வரும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நான் தள்ளி வந்துவிட்டேன். அவன் கூப்பிட்டானா என்று எனக்குத் தெரியாது. அருவிச் சத்தம்.

மறுபடி நான் போகவில்லை. அந்த வாரமே பனி விழ ஆரம்பித்தது. தேடுவதையும் நிறுத்திவிட்டார்கள்.

அதன்பிறகு பனிக்காலம் முழுக்க சாயோ வீட்டுக் கூரையிலிருந்து பனியை வழித்துத் தள்ளினேன். விறகு வெட்டிப் போட்டேன். ஆண் துணை இல்லாத வீடு. அவள் நன்றி சொல்வாள், தேநீர் கொடுப்பாள். ஒருநாளும் என்னை அண்ணன் பெயரைச் சொல்லியோ ஜின்பாச்சி பெயரைச் சொல்லியோ அழைத்ததில்லை. செய்ரோக்கு என்றுதான் கூப்பிட்டாள். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

மரத்தை மணலில் புதைத்து வைத்திருந்தேன். வசந்தத்தில் எடுத்தபோது வேர் நுனியெல்லாம் வெள்ளையாகத் துளிர்த்திருந்தது. பிழைத்துவிட்டது. அவ்வளவு நன்றாக எடுத்திருந்தான். தொட்டியில் நட்டுவிட்டு, வேரில் சுற்றியிருந்த துணியைத் துவைத்துக் கிணற்றடியில் காயப் போட்டேன். நல்ல துணி, வீணாக்க மனம் வரவில்லை.

அன்று சாயோ முள்ளங்கி ஊறுகாய் கொண்டுவந்தாள். அவள் வருவாள் என்று தெரிந்து வீட்டைப் பெருக்கி வைத்திருந்தேன். ஜன்னல் சட்டத்தில் ஒட்டும் காகிதத்தைக்கூட மாற்றியிருந்தேன். அவளிடம் ஒரு விஷயம் பேசலாம் என்று இருந்தேன். அது என்ன விஷயம் என்பது இங்கே தேவையில்லை.

கிணற்றடியில் நின்றுவிட்டாள். துணியைக் கையில் எடுத்தாள். ஓரத்தில் கிழிந்த இடத்தை அவளே ஒரு காலத்தில் வெள்ளை நூலால் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்திருந்தாள். அந்தத் தையல் மேல் விரலை ஓட்டினாள்.

"இது எங்க கிடைச்சுது உனக்கு?"

"மலையில."

"எப்ப?"

நான் பதில் சொல்லவில்லை. பொய் சொல்வது எனக்குப் பழக்கமில்லை. அவள் தொட்டியில் இருந்த மரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், புதுக் காகிதம் ஒட்டிய ஜன்னலைப் பார்த்தாள்.

"அவர் அங்க உசுரோட கிடந்தப்ப நீ என் வீட்டுல உக்காந்து சாப்பிட்டியா, செய்ரோக்கு?"

"இல்லை அண்ணி. என் பங்கை அவருக்குத்தான் கொடுத்தேன்" என்றேன். அது உண்மை.

அவள் கத்தவில்லை. ஊறுகாய்ப் பாத்திரத்தைக் கிணற்று மேட்டில் வைத்துவிட்டு, துணியை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, நேராகப் போலீஸிடம் போனாள். நான் தடுக்கவில்லை. தடுக்கும்படியாக நான் என்ன செய்துவிட்டேன்?

ஜின்பாச்சி நிரபராதி என்று நீங்கள் சொல்கிறீர்கள். என் அண்ணன் கயிற்றில் தொங்கியிருந்தால் இடுப்பில் தடம் இருந்திருக்கும், தடம் இல்லை என்றால் கயிற்றை அவர் முன்பே அவிழ்த்திருக்கிறார், அப்படியானால் ஜின்பாச்சி முதலில் சொன்ன கதைதான் சரி என்கிறீர்கள். நீங்கள் படித்தவர், உங்கள் கணக்கு அப்படி. எனக்கும் அந்த எண்ணம் வந்ததுண்டு. வராமல் இல்லை. அதனால்தானே கண்ணை மூடிக்கொண்டு தண்டிக்காமல், அவனையே நேரில் கேட்டேன். நாள் கொடுத்து, சோறும் தண்ணீரும் கொடுத்து, பொறுமையாகக் கேட்டேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். கயிற்றை நான் திரும்ப இறக்கவில்லை. ஜின்பாச்சியை அந்தத் திட்டில் சாக விட்டது நான்தான். அதில் எனக்கு மறுப்பு இல்லை, கைநாட்டும் வைக்கிறேன். ஆனால் அதற்குக் கீழே இன்னொன்றையும் எழுத வேண்டும். அவன் தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டான். அவனை நான் தொடக்கூட இல்லை. முழுக்க முழுக்க அவனாகவே, யாருடைய கட்டாயமும் இல்லாமல் சொன்னான்.